இரட்டைக்குழலுக்கு இரண்டு எலுமிச்சம்பழம்

ரெங்கம் என்கிற எங்கள் ஊருக்கு வெளியே, ஆற்றை ஒட்டி, லாலாங் புல்லும் அட்டையும் தவிர வேறொன்றும் இல்லாமல் கிடந்த சதுப்பில் பத்து ஏக்கர் எண்ணெய்ச் செம்பனை போட்டவன் நான். அந்தப் பாதையில் இருக்கும் பாலம் அரசாங்கம் கட்டியது என்று நினைத்துக்கொண்டு போகிறவர்கள் போகட்டும். கட்டியது நான். மழைக்காலத்தில் லாரி புதையாமல் இருக்க இரும்புச் சட்டம் வாங்கிப் போட்டு, சிமெண்டு குழைத்து, என் முதுகை ஒடித்துக் கட்டியது. மூன்று லாரி, மாடி வைத்த கல்வீடு, பட்டம் வாங்கிய இரண்டு பெண்கள், என் நிலத்தின் மூலையில் முனீஸ்வரனுக்கு ஒரு கோயில், அதற்குப் பக்கத்தில் மின்விசிறி சுற்றுகிற ஒரு மண்டபம். எல்லாம் இந்தக் கை செய்தது. இடது கையில் மோதிர விரல் பாதிதான் இருக்கிறது. மீதியை ரப்பர்த் தாள் போடுகிற ரோலர் இளவயதிலேயே வாங்கிக்கொண்டது. அதற்குத் தோட்டத்தில் கொடுத்தது ஒரு துண்டுத் துணியும் அரைநாள் ஓய்வும்.

படிப்பு என்று கேட்டால், எஸ்டேட் பள்ளிக்கூடத்தில் மூன்று வருஷம். அதற்கு மேல் படித்திருந்தால் நானும் மண்டபத்தில் உட்கார்ந்து தீர்மானம் போடுகிற ஆளாக ஆகியிருப்பேன். தப்பித்தேன்.

இதில் யாருடைய பெயரையும் நான் எழுதப்போவதில்லை. காரணத்தைக் கடைசியில் சொல்கிறேன்.

விஷயம் காட்டுப்பன்றி. எங்கள் ஆற்றோரத்தில் தோட்டம் வைத்திருப்பவர்கள் அத்தனை பேரும் எஸ்டேட்டை விற்றபோது வெளியே வந்தவர்கள். கையில் கிடைத்ததைப் போட்டு ஆளுக்கு நாலு ஏக்கர், ஐந்து ஏக்கர் என்று வாங்கினார்கள். பழைய மரங்கள் வயதாகிக் காய்ப்பு விட்டதும் எல்லோரும் ஒரே சமயத்தில் வெட்டிச் சாய்த்துவிட்டு புதுக் கன்று நட்டோம். செம்பனை நட்டால் மூன்று வருஷம் காத்திருக்க வேண்டும். அந்த மூன்று வருஷமும் வருமானம் இல்லை, செலவு மட்டும்தான். பன்றிகள் அந்தச் சமயம் பார்த்து வந்தன.

பன்றி கன்றைச் சும்மா தின்னாது. மூக்கால் முட்டிச் சாய்த்து, உள்ளே இருக்கும் வெள்ளைக் குருத்தை மட்டும் உறிஞ்சிவிட்டு அடுத்த கன்றுக்குப் போகும். அடுத்தது, அதற்கடுத்தது. எஸ்டேட்டில் விடியற்காலைப் பிரட்டுக் களத்தில் கூலியாட்களை நிறுத்தி எண்ணுகிற கிராணி மாதிரி வரிசை தவறாமல் போகும். காலையில் போய்ப் பார்த்தால் ஒரு வரிசையே படுத்துக் கிடக்கும். ஒரு முறை செத்ததைப் பிடுங்கிவிட்டு மறுபடி நட்டோம். இரண்டாவது முறையும் போனால் மூன்றாவது முறை நட எங்களில் யாருக்கும் வக்கில்லை. நிலத்தை விற்க வேண்டியதுதான். வாங்குவதற்கு ஒரு கம்பெனிக்காரன் பாலத்துக்கு அந்தப் பக்கம் காரை நிறுத்திவிட்டுத் தயாராக இருந்தான். அதுவும் நான் கட்டிய பாலத்துக்கு.

கூட்டம் போட்டார்கள். நான் கட்டிய மண்டபத்தில், நான் மாட்டிய மின்விசிறிக்குக் கீழே. தலைவர் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். கோயிலுக்கும் அவர்தான் தலைவர், தோட்டக்காரர்களுக்கும் அவர்தான் தலைவர். நாலு ஏக்கர் வைத்திருக்கிறார், மண்வெட்டி எந்தப் பக்கம் வெட்டும் என்று தெரியாது. மைக் பிடித்தால் மட்டும் விடமாட்டார்.

"மனு எழுதலாம்" என்றார். எழுதினார். பதில் வந்தது, மனு கிடைத்தது என்று.

பிறகு இன்னொரு யோசனை சொன்னார். மனிதக் குரல் கேட்டால் பன்றி வராதாம், எங்கோ படித்தாராம். வரிசைக்கு வரிசை கம்பு நட்டு ரேடியோ கட்டித் தொங்கவிட்டோம். பன்றிகள் செய்தி கேட்டுக்கொண்டே தின்றன.

அடுத்த கூட்டத்தில் நான் எழுந்து நின்றேன்.

"வாத்தியாரே, துப்பாக்கி வாங்குவோம்."

"அண்ணே, வன்முறை நம்ம பண்பாடு இல்ல."

"அதைப் பன்னிகிட்ட சொல்லுங்க. ரேடியோவுலயே சொல்லுங்க. கேட்டுக்கிட்டுதான் இருக்கு."

எல்லோரும் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. "லைசென்ஸ் யார் பேர்ல எடுக்கிறது? நாளைக்கு ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆச்சுன்னா கோயில் கமிட்டி பொறுப்பேத்துக்காது. அதை மட்டும் மினிட் புக்ல எழுதிக்குங்க" என்றார்.

"ஒங்க கமிட்டி எதுக்குத்தான் பொறுப்பேத்துச்சு? என் பேர்ல எடுக்கிறேன்" என்றேன்.

நம் நாட்டில் துப்பாக்கி வாங்குவது மீன் வாங்குகிற வேலை இல்லை. பயிரைக் காப்பதற்கு என்று போலீசில் மனுப் போட வேண்டும். அவர்கள் வந்து நிலத்தைப் பார்ப்பார்கள், ஆளைப் பற்றி விசாரிப்பார்கள். எனக்கு வந்தவர் மலாய்க்கார இன்ஸ்பெக்டர், என் மூத்த பெண்ணைவிட வயது குறைவு. எல்லைக் கல்லில் இருந்து எல்லைக் கல் வரைக்கும் நடந்தார். செத்துக் கிடந்த கன்றுகளைக் காலால் புரட்டிப் பார்த்தார். கோயிலைக் காட்டி, "இதுவும் உங்கள் நிலத்திலா?" என்று கேட்டார். நிலப் பட்டாவான கிராண்டில் அந்த மூலையும் என் பெயரில்தான் இருக்கிறது என்று சொன்னேன். தலையாட்டினார். அந்தத் தலையாட்டலை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

பல மாதம் அலைந்த பிறகு வாங்குவதற்கான அனுமதியைக் கையில் கொடுத்தார்கள். கொடுக்கும்போது அந்த இன்ஸ்பெக்டர் விரலை நீட்டிச் சொன்னார். மலாயில் சொன்னதைத் தமிழில் எழுதுகிறேன்: "அங்கிள், கடையிலிருந்து வீடு. மறுநாள் வீட்டிலிருந்து ஸ்டேஷன். நடுவில் எங்கேயும் நிற்கக் கூடாது. உங்களைத் தவிர வேறு யார் கையும் படக் கூடாது. நம்பரைச் சரிபார்த்த பிறகுதான் லைசென்ஸ்."

எங்கள் மாநிலத்திலேயே கடை இருக்கிறது. இருந்ததெல்லாம் புதுசு, பிளாஸ்டிக் கட்டை வைத்தது. எனக்கு அது வேண்டாம். எங்கள் எஸ்டேட் துரை ஒரு இரட்டைக்குழல் வைத்திருந்தார், வால்நட் கட்டை போட்டது. அவர் சுட்ட பன்றியை என் அப்பா தோளில் சுமந்துகொண்டு பின்னால் வருவார். துப்பாக்கியை மட்டும் தொட விடமாட்டார்கள். பன்றி ரத்தம் படலாம், துப்பாக்கியில் கூலிக்காரன் கை படக் கூடாது. வாங்கினால் அந்த மாதிரிதான் வாங்குவது என்று இருந்தேன்.

ஸ்கூடாயில் இருக்கும் மூத்த மாப்பிள்ளை இன்ஜினியர். போனில் பார்க்காமல் பல்கூட விளக்கமாட்டார். அவர்தான் கண்டுபிடித்தார், ஈப்போவில் துப்பாக்கிக் கண்காட்சி நடக்கிறது, பல ஊர் வியாபாரிகள் வருகிறார்கள் என்று. ஆயுத பூஜைக்கு முதல் நாள் அவருடைய காரில் புறப்பட்டோம். ஈப்போவில் தங்கிவிட்டு மறுநாள் காலையில் போனோம்.

அந்தக் கண்காட்சியைப் பற்றிச் சொல்லாவிட்டால் எனக்குச் சோறு இறங்காது. பெரிய மண்டபம், உள்ளே குளிர். இலை, கொடி, சருகு எல்லாம் அச்சடித்த சட்டை போட்டுக்கொண்டு ஆண்பிள்ளைகள் கூட்டம் கூட்டமாக நிற்கிறார்கள். காட்டில் ஒளிவதற்காகத் தைத்த சட்டை. அதைப் போட்டுக்கொண்டு வெள்ளைச் சுவருக்கு முன்னால் நின்று ஐஸ் காப்பி குடிக்கிறார்கள். ஒருவருடைய பூட்ஸில் மண் இல்லை. நான் மண்ணைத் தேடித் தேடிப் பார்த்தேன். ஒரு மூலையில் பிளாஸ்டிக் குண்டு போடுகிற பொம்மைத் துப்பாக்கிக்கு வரிசை நிற்கிறது, எல்லாம் மீசை முளைத்தவர்கள். இன்னொரு மூலையில் அட்டையில் செய்த பன்றி. அதோடு படம் எடுத்துக்கொள்ள ஒரு வரிசை. அந்தப் பன்றி எங்கள் பன்றிகளைவிட மரியாதையாக இருந்தது, யாருடைய கன்றையும் தொடவில்லை.

ஒரு மேசையில் கழுத்துப்பட்டை கட்டிய பையன் கண்ணாடிப் பெட்டிக்குள் இருப்பதைப் பற்றி மாப்பிள்ளையிடம் இங்கிலீஷில் விளக்கிக்கொண்டிருந்தான். வாங்க வந்தவன் நான், அனுமதி என் சட்டைப் பையில். அவன் என்னைப் பார்த்துவிட்டு, தரையில் போட்டிருந்த கோட்டுக்குப் பின்னால் என்னை நிற்கச் சொல்லும்படி மாப்பிள்ளையிடம் சொன்னான்.

"மாமா, கொஞ்சம் பின்னால வாங்களேன்" என்றார் மாப்பிள்ளை.

"நான் வாழ்நாள் பூரா பின்னால நின்னு பார்த்துட்டேன் மாப்பிள்ளை. வாங்க, வேற மேசை பார்ப்போம்."

கடைசி மேசையில் ஒரு சீனக் கிழவர் கச்சான் கடலை உரித்துத் தின்றுகொண்டிருந்தார். இலைச் சட்டை இல்லை, வெறும் பனியன். என் கையையும் செருப்பையும் பார்த்துவிட்டுத் தமிழிலேயே கேட்டார்:

"பன்னியா?"

"ஆமா தவுக்கே. தமிழ் எங்க கத்துக்கிட்டீங்க?" சீன முதலாளிகளை நாங்கள் தவுக்கே என்றுதான் கூப்பிடுவோம்.

"எஸ்டேட்ல கடை வச்சிருந்தேன் லா. ஒங்க ஆளுங்க திட்டித் திட்டியே கத்துக் குடுத்துட்டாங்க. நல்லதா நாலு வார்த்தை எனக்கு இன்னும் தெரியாது."

துரை வைத்திருந்த மாதிரி இரட்டைக்குழல் வேண்டும் என்றேன். அப்படி ஒன்று கடையில் இருக்கிறது என்றார். இங்கே வைத்திருப்பதெல்லாம் பார்க்கத்தான், தூக்கிக்கொண்டு போக முடியாது, காகிதம் இருந்தால் கடைக்கு வா என்றார். கடை பழைய சந்தைக்குப் பின்னால் இரும்புக் கதவுக்குள் இருந்தது.

எடுத்து மேசையில் வைத்தார். சொல்கிறேன், பொய் இல்லை, கையைச் சட்டையில் துடைத்த பிறகுதான் தொட்டேன். கட்டையில் தேன் நிறத்தில் ரேகை ஓடியது. மடக்கித் திறந்தால் பூட்டு விழுகிற சத்தம் கூட மரியாதையாக இருந்தது. தோளில் வைத்தேன், அங்கேயே பிறந்த மாதிரி உட்கார்ந்தது. பேரம் பேசினேன், அவரும் பேசினார். இருவருக்கும் சந்தோஷம் என்பதால் சீக்கிரம் முடிந்தது.

அனுமதியைப் பார்த்து எழுதிக்கொண்டு, உறையில் போட்டுக் கொடுக்கும்போது அவர் சொன்னது: "இதுக்கு எண்ணெய் மட்டும்தான். தண்ணி வேணாம், வேர்வை வேணாம், ஒண்ணும் வேணாம். பழைய இரும்பு, சீக்கிரம் கோவிச்சுக்கும்."

மதியத்துக்கு முன்னால் கிளம்பி ரெங்கத்துக்குள் நுழையும்போது பொழுது சாயத் தொடங்கியிருந்தது. அன்றைக்கு ஆயுத பூஜை. கோயில் முன்னால் என் மூன்று லாரிகளும் மாலை போட்டு நிற்கின்றன. பக்கத்துத் தோட்டக்காரர்களின் மோட்டார் சைக்கிள், புல்வெட்டுகிற மெஷின், குலை வெட்டும் அரிவாள், தண்ணீர் பம்பு, தையல் மெஷின்கூட வந்திருக்கிறது. எல்லாவற்றிலும் சந்தனம், குங்குமம்.

"மாப்பிள்ளை, நிறுத்துங்க."

"மாமா, அந்த இன்ஸ்பெக்டர் என்ன சொன்னாரு? நடுவில எங்கயும் நிக்கக் கூடாதுன்னு."

"இது நடு இல்ல. இது என் நிலம். என் நிலத்துக்குள்ள வந்துட்டா வீட்டுக்கு வந்த மாதிரி."

"சட்டம் அப்படி இல்ல மாமா."

"போன வருஷம் புதுக் கார் எடுத்தீங்களே, எங்க கொண்டு வந்தீங்க முதல்ல? ஸ்டேஷனுக்கா?"

அவர் காரை நிறுத்தினார். புதுசாக வாங்கிய எதையும் நாங்கள் பூஜை போடாமல் பயன்படுத்தியதில்லை. கார், லாரி, ஐஸ்பெட்டி, எதுவானாலும் சரி. அதுவும் ஆயுத பூஜை அன்றைக்கு, உண்மையான ஓர் ஆயுதத்தை வைத்துக்கொண்டு, கையில் அரிவாளோடு நிற்கிற சாமியைத் தாண்டிப் போவதா? படித்தவர்கள் போவார்கள். நான் போகமாட்டேன்.

உறையைக் கழற்றினதும் கூட்டம் மொய்த்தது. பூசாரியைத் தவிர யாரையும் தொட விடவில்லை. அடிக்கட்டையை இடது கையில் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன், சாமி முன்னால் நிமிர்த்தினேன். பூசாரி விபூதி போட்டார், குழலில் சந்தனம் தடவினார், குங்குமம் வைத்தார். அப்புறம்தான் ஒரு கேள்வி வந்தது. எலுமிச்சம்பழம் எங்கே வைப்பது?

கார் என்றால் சக்கரத்துக்குக் கீழே வைத்து நசுக்கலாம். இதற்குச் சக்கரம் இல்லை.

"கட்டைக்குக் கீழ வச்சு ஒரு தட்டு தட்டுங்க" என்றான் தண்ணீர் பம்பு கொண்டுவந்தவன்.

"கட்டை ஒடஞ்சா ஒங்கப்பன் தருவானா? சும்மா இரு" என்றேன்.

"வழி எங்க இருக்கோ அங்கதானே வைக்கணும். கார் போற வழி சக்கரம். இது போற வழி குழல்" என்றார் பூசாரி. நியாயமாகத்தான் பட்டது. இரண்டு குழல், இரண்டு பழம். பாதியாக அறுத்து, குங்குமம் தடவி, குழல் வாயில் ஒவ்வொன்றாக வைத்து அழுத்தினார். சாறு உள்ளே இறங்கியது. எண்ணெய் மட்டும்தான் என்று சீனக் கிழவர் சொன்னது எனக்கு அப்போது நினைவுக்கு வரவில்லை.

அப்போது வந்தார் தலைவர். பட்டு வேட்டி, தோளில் அங்கவஸ்திரம். வன்முறை நம் பண்பாடு இல்லை என்றவர் கூட்டத்தைப் பார்த்ததும் நேராக என் பக்கத்தில் வந்து நின்றார்.

"அண்ணே, ஒரு தடவை புடிச்சுப் பார்க்கிறேனே."

"என் கையைத் தவிர வேற கை படக் கூடாது வாத்தியாரே. போலீஸ்காரன் சொன்னான்."

"சும்மா ஒரு படத்துக்குண்ணே. கமிட்டி ஆதரவு இருக்குன்னு தெரிய வேணாமா?"

அடிக்கட்டையை நான் விடவே இல்லை. அந்த மனிதரை நம்பிச் சாப்பாட்டுத் தட்டைக்கூடக் கொடுக்க முடியாது. அவர் குழலுக்குப் பக்கத்தில் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு, தாடையை உயர்த்தி, போருக்குப் போகிறவர் மாதிரி நின்றார். மாப்பிள்ளை போனில் படம் எடுத்தார். தலைவர் கேட்டார் என்று அவருக்கு அனுப்பியும் வைத்தார்.

தலைவர் அந்தப் படத்தை என்ன செய்தார் தெரியுமா? என்னை வெட்டி எடுத்துவிட்டார். நான் இருந்த பக்கத்தை விரலால் இழுத்து ஓரங்கட்டிவிட்டு, தான் மட்டும் துப்பாக்கியோடு நிற்கிற மாதிரி செய்து, 'நம் கோயிலின் காவல் ஆயுதம்' என்று எழுதி வாட்சப் குழுவில் போட்டார். அந்தக் குழுவில் இருந்து இன்னொரு குழு, அங்கேயிருந்து இன்னொன்று. மறுநாள் காலையில் நான் துப்பாக்கியை எடுத்துக்கொண்டு ஸ்டேஷனுக்குக் கிளம்புவதற்குள் படம் எனக்கு முன்னால் அங்கே போய்ச் சேர்ந்துவிட்டது.

இன்ஸ்பெக்டர் மேசை மேல் போனை வைத்து என் பக்கம் திருப்பினார். துப்பாக்கியை வாங்கி மடக்கி, வெளிச்சத்தில் பிடித்துக் குழலுக்குள் பார்த்தார். முகம் சுருங்கியது. ஒரு கம்பியை விட்டு இழுத்தார். மஞ்சளாக ஒரு சக்கை வந்தது, ஒரு விதையும் வந்தது.

"இது என்ன?"

"லிமாவ், துவான்." எலுமிச்சைக்கு மலாயில் லிமாவ், ஐயாவுக்குத் துவான்.

"துப்பாக்கிக்குள்ளேயா?"

"நீங்கள் புது வீட்டுக்குப் போனால் பத்துப் பேரைக் கூப்பிட்டு துஆ ஓதி விருந்து வைப்பதில்லையா? நாங்கள் எலுமிச்சம்பழம் வைக்கிறோம்."

பக்கத்தில் நின்ற கான்ஸ்டபிள் சிரிப்பை அடக்கிக்கொண்டு வெளியே போய்விட்டான். இன்ஸ்பெக்டர் சிரிக்கவில்லை. குழலின் உள்பக்கம் ஒரே ராத்திரியில் பழுப்பாகத் துரு ஏறியிருந்தது. நம்பர் இருக்கும் இடத்தில் சந்தனம் காய்ந்து அப்பியிருந்தது.

"நின்றது எங்கே?" என்று கேட்டார். என் நிலத்தில் என்றேன். எல்லைக் கல்லுக்கு உள்ளே, நீங்களே நடந்து பார்த்த இடம் என்றேன். அதே மாதிரி தலையாட்டினார். அது முடிந்தது. பிறகு படத்தைத் தட்டினார்.

"இந்த ஆள் யார்? லைசென்ஸ் இல்லாதவன் துப்பாக்கியைப் பிடிப்பது குற்றம். அதை அவன் கையில் கொடுத்ததும் குற்றம். அவனாகப் பிடுங்கிக்கொண்டான் என்றால் உங்களுக்கு ஒன்றும் இல்லை. எழுதிக் கொடுத்துவிட்டுப் போங்கள்."

இந்த இடத்தைக் கவனமாகப் படியுங்கள். அன்று காலை நான் கிளம்பும்போதே தலைவருக்குப் போன் போட்டேன், கூட வாருங்கள் என்று. "அண்ணே, அது ஒங்க தனிப்பட்ட விஷயம். கமிட்டிக்கும் அதுக்கும் சம்பந்தம் இல்ல. மினிட்ல இருக்கு" என்று சொல்லிவிட்டு வைத்தவர் அவர். ஒரு வரி எழுதிக் கொடுத்திருந்தால் போதும். என் லைசென்ஸ் என் கைக்கு வந்திருக்கும், அவர் பட்டு வேட்டியோடு உள்ளே போயிருப்பார். எனக்கு ஆசை இல்லாமல் இல்லை. பேனாகூட மேசையில்தான் இருந்தது.

ஆனால் அவர் பிடுங்கவில்லை. பிடுங்குகிற அளவுக்கு அவருக்கு எங்கே தெம்பு? நடக்காததை எழுதிக் கொடுத்து என் தோட்டத்தைக் காப்பாற்றிக்கொள்ளும் நிலைமை எனக்கு வரவில்லை. போனை எடுத்துப் படத்தை ஓரத்துக்கு இழுத்தேன். தலைவர் என்னை வெட்டினாரே, ஒழுங்காகவும் வெட்டவில்லை. அடிக்கட்டையைச் சுற்றி நான்கு விரல் மிஞ்சியிருந்தது. அதில் மோதிர விரல் பாதி.

என் இடது கையை மேசையில் விரித்து வைத்தேன்.

"துவான், துப்பாக்கி யார் கையில் இருக்கிறது, நீங்களே பாருங்கள்."

இன்ஸ்பெக்டர் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார். என் விரலைப் பார்த்தார். மறுபடி படத்தைப் பார்த்தார்.

"இந்த விரல் என்ன ஆனது?"

"எஸ்டேட் ரோலர்."

படத்தில் தலைவரைத் தொட்டுக் காட்டினார். "அப்படியானால் இந்த ஆள் என்ன செய்கிறார்?"

"படம் எடுத்துக்கொள்கிறார், துவான். அது ஒன்றுதான் அவருக்குத் தெரியும்."

அப்போதுதான் சிரித்தார். முழுப் படம் இருக்கிறதா என்று கேட்டார். மாப்பிள்ளையைக் கூப்பிட்டு அனுப்பச் சொன்னேன், இரண்டு நிமிஷத்தில் வந்தது. அதில் நான் முழுதாக நிற்கிறேன், இரண்டு காலையும் ஊன்றி, துப்பாக்கியை என் மார்போடு சாய்த்து. சும்மா சொல்லக்கூடாது, மாப்பிள்ளைக்குப் படம் எடுக்க வருகிறது.

எச்சரிக்கை எழுதினார்கள். துப்பாக்கியை உடனே கொடுக்கவில்லை. குழலைச் சுத்தம் செய்து, பாதுகாப்பாகச் சுடுமா என்று பார்த்த பிறகுதான் தருவோம் என்று வைத்துக்கொண்டார்கள். எத்தனையோ வாரம். அதற்குள் பன்றிகள் சும்மா இருக்குமா? எங்கள் பக்கம் இரண்டு வரிசை போனது. தலைவருடைய நாலு ஏக்கரில் பாதி போனது. தினமும் காலையில் என் வீட்டு வாசலுக்கு வந்து நிற்பார்.

"எப்பண்ணே தருவாங்க?"

"எனக்கென்ன தெரியும்? மினிட்ல பாருங்க."

துப்பாக்கி வந்த முதல் வாரத்திலேயே, பொழுது சாய்கிற நேரத்தில், ஆற்று ஓரமாக முதல் பன்றியைச் சாய்த்தேன். பெரிய ஆண் பன்றி, கூட்டத்துக்குத் தலைமை தாங்குவது. அப்புறம் இரண்டு. மற்றவை ஆற்றைத் தாண்டி ஓடிவிட்டன, இன்றைக்கு வரை எங்கள் பக்கம் கூட்டமாக வரவில்லை. பாலத்துக்கு அந்தப் பக்கம் நின்ற கம்பெனிக் கார் காணாமல் போனது. பக்கத்துத் தோட்டத்து மலாய்க்கார ஹாஜியார், பன்றி என்ற பேச்சையே எடுக்காமல், ஒரு கூடை டுரியான் பழம் கொண்டுவந்து என் வாசலில் வைத்துவிட்டுப் போனார். நன்றி என்றால் அதுதான்.

இறைச்சியை எஸ்டேட் வழக்கப்படி பங்கு போட்டோம். சுட்டவனுக்குத் தொடை, மற்றவர்களுக்குச் சமமாக. தலைவர் சைவம். அதனால் அவர் வீட்டுப் பங்கைப் பின்பக்கக் கதவு வழியாக அவர் மனைவி வந்து வாங்கிக்கொண்டு போனார். என் மனைவி பாத்திரத்தில் போட்டுக் கொடுத்தபோது, "இன்னும் கொஞ்சம் கொழுப்புள்ளதா போடுக்கா, அவருக்கு அதுதான் பிடிக்கும்" என்று கேட்டாராம்.

கன்றுகள் இப்போது என் உயரத்துக்கு மேலே நிற்கின்றன. முதல் காய் வெட்டியாகிவிட்டது. அந்தச் சந்தோஷத்தில் இந்த வருஷம் கோயில் திருவிழாவில் மண்டபத்துக்குள் ஒரு பலகை மாட்டினார்கள். தங்க எழுத்து. 'நம் விவசாய நிலங்களைக் காட்டுப்பன்றித் தொல்லையிலிருந்து மீட்டெடுத்த' தலைவரின் பெயர் மேலே, பெரிய எழுத்தில், பட்டத்தோடு. அதற்குக் கீழே செயலாளர், பொருளாளர், ஆலோசகர்கள். எல்லாவற்றுக்கும் கீழே, சின்ன எழுத்தில்: 'ஆயுத உதவி, நலம்விரும்பி ஒருவர்.'

நலம்விரும்பி ஒருவர். நிலம் என்னுடையது, மண்டபம் என்னுடையது, பலகையை மாட்டிய ஆணியை அடித்த சுவர் என்னுடையது. ஈப்போவுக்குப் போனது நான், ஸ்டேஷனில் கையை விரித்து வைத்தது நான், பன்றியைச் சுட்டது நான். நான் ஒருவர்.

பலகைக்குப் பக்கத்தில் அந்தப் படத்தையும் பெரிதாக்கிக் கண்ணாடி போட்டு மாட்டியிருக்கிறார்கள். கிட்டே போய்ப் பார்த்தேன். இந்த முறை கவனமாக வெட்டியிருக்கிறார். நான்கு விரலும் இல்லை.

என் மனைவி சொல்கிறாள், விட்டுத் தள்ளுங்கள், ஊருக்கே தெரியும் என்று. ஊருக்குத் தெரியும்தான். ஊர் செத்துப்போகும், பலகை இருக்கும். என் பேரன் பேத்திகள் அந்த மண்டபத்தில் உட்கார்ந்து சாப்பிடும்போது தலையை உயர்த்திப் பார்த்தால் பட்டு வேட்டி கட்டிய ஒருவரைத்தான் பார்ப்பார்கள். என் அப்பா துரையின் பன்றியைச் சுமந்தார், அவர் பெயர் எங்கேயும் இல்லை. அதைக் கேட்க அவருக்கு வாய் இல்லை. எனக்கு இருக்கிறது.

ஆகவே கமிட்டிக்குச் சொல்கிறேன். முழுப் படம் மாப்பிள்ளையிடம் இருக்கிறது. அதை அதே அளவில் அடித்து, அதே சட்டத்தில் மாட்டுங்கள். தலைவரை வெட்ட வேண்டாம், அவரும் இருக்கட்டும், அந்த வேலை நமக்கு வேண்டாம். பலகையில் 'நலம்விரும்பி ஒருவர்' என்பதைச் சுரண்டிவிட்டு என் பெயரை எழுதுங்கள். என் அப்பா வைத்த முழுப் பெயர், அவர் பெயரும் முன்னால் வர வேண்டும். எழுத்து தலைவருடைய எழுத்தின் உயரம் இருக்க வேண்டும், தங்கப் பூச்சும் அதே பூச்சாக இருக்க வேண்டும். என்ன செய்தார் என்று கீழே ஒரு வரி: 'துப்பாக்கி வாங்கினார், கையை விடவில்லை.' இவ்வளவுதான்.

அதை எழுதும் வரைக்கும் நான் எழுதும் எதிலும் உங்களில் ஒருவர் பெயரும் வராது. இந்தக் கதையில் நீங்களும் ஒருவர், ஒருவர், ஒருவர் என்றே இருங்கள். எப்படி இருக்கிறது என்று பாருங்கள்.